பதினெட்டாவது வளைவுக்கு ஏலம்

போடியில் ஏலக்காய் விற்கத் தெரிந்தவர்கள் என்று ஐம்பது பேரைச் சொல்லலாம். அந்த ஐம்பதில் முதல் ஆள் யார் என்று கேட்டால் விஜயபாண்டி தன் பெயரைத்தான் சொல்லுவான். மற்ற நாற்பத்தொன்பது பேரும் அவரவர் பெயரைச் சொல்லுவார்கள், அது வேறு விஷயம். ஆனாலும் அவனிடம் ஒரு கெட்டிக்காரத்தனம் இருந்ததை மறுக்க முடியாது. மலையிலிருந்து இறங்குகிற மூட்டைக்குள் கையை விட்டு ஒரு பிடி அள்ளுவான். உள்ளங்கையில் உருட்டுவான், ஒரு காயைப் பிளந்து மூக்கருகே கொண்டுபோவான். எந்தச் சரிவில் விளைந்தது, காய் உலர்த்துகிற எந்த ஸ்டோரில் புகை கூடிப்போனது என்று அங்கேயே சொல்லிவிடுவான். அப்படி மோந்து பார்க்காத சரக்குக்கு இன்றுவரை அவன் விலை பேசியதில்லை. அவன் போனில் சொல்லுகிற ஒரு வார்த்தையை நம்பி வடக்கே இருக்கிற சேட்டுகள் லாரி அனுப்புவார்கள்.

இந்தக் கெட்டிக்காரனுக்கு வாய்த்த மனைவி சிவரஞ்சனி கதை எழுதுகிறவள். காலை ஒன்பதிலிருந்து நாலு மணி வரை பஸ் ஸ்டாண்டு பக்கம் ஒரு மெடிக்கலில் வேலை. வீட்டுக்கு வந்து ஒரு காப்பி குடித்துவிட்டு, ஐந்திலிருந்து ஏழு வரை சாப்பாட்டு மேசையில் உட்கார்ந்தால் வீடே தீப்பிடித்தாலும் எழுந்திருக்க மாட்டாள். அவள் எழுதுவதெல்லாம் மாயக்கதைகள். தன் நிழலை அடகு வைத்துவிட்டு வெயிலில் திண்டாடுகிறவன் கதை. போடி ரயில் பாதையைப் பிடுங்கிப் போட்டிருந்த பன்னிரண்டு வருஷமும் தினமும் காலை ரயிலில் மதுரைக்குப் போய்வந்த ஒருத்தியின் கதை. மழையை மூட்டை கட்டி ராசிங்காபுரத்து விவசாயிகளுக்கு விற்க வந்தவன் கதை.

விஜயபாண்டி இவற்றையெல்லாம் படித்திருக்கிறான், அதாவது முதல் பக்கத்தை. முதல் பக்கத்தைப் பார்த்துவிட்டு "நல்லாருக்கு புள்ள" என்பான். மிச்சத்தை யார் படிப்பது என்று அவள் கேட்டால், "ஒரு பிடி பாத்தா மூட்டை தெரியாதா? அதுல என்ன இருக்கு" என்பான். அந்த "அதுல என்ன இருக்கு" அவன் வாயில் ஒரு நாளைக்கு நாற்பது தடவையாவது வரும். சரக்கு ஈரமாக இருந்தாலும் அதுதான், மாமனார் ஆஸ்பத்திரியில் இருந்தாலும் அதுதான்.

கதைகளை எழுதுவதில் சிவரஞ்சனிக்குச் சிரமம் இல்லை. விற்பதில்தான் சிரமம். பதினோரு வருஷமாக அவள் ஒரு நோட்டு வைத்திருந்தாள். எந்தப் பத்திரிகை மாயக்கதை எடுக்கும், காசு தருமா, பதில் வர எத்தனை நாளாகும் என்று கோடு போட்டு எழுதிய நோட்டு. அதைப் படித்தால் சிரிப்பதா அழுவதா என்று தெரியாது. மதுரையில் ஒரு மாத இதழ், வெளியான கதைக்கு இரண்டு பிரதி அனுப்புவதாகச் சொல்லி ஒன்று அனுப்பியது. சென்னையில் ஒரு வார இதழ், "பேய் இருந்தால் பரிசீலிக்கலாம்" என்றது. சிவகாசியில் ஒரு சிறுவர் பத்திரிகைக்காரர், "நன்று. யானையைச் சேர்த்து அனுப்பவும்" என்று எழுதினார். இணைய இதழ்கள் ஏழெட்டு. சன்மானம் கிடையாது, ஆனால் உலகமெல்லாம் படிக்கும் என்றார்கள். ஒரு போட்டியில் ஆறுதல் பரிசாக ஹாட்பாக்ஸ் வந்தது. ரொக்கமாக வந்தது என்று பார்த்தால் ஒரே ஒரு தடவை, நூற்றைம்பது ரூபாய் மணியார்டர்.

இந்த ஐப்பசியில் ஒரு கடிதம் வந்தது. "தங்கள் கதை எங்கள் தொகுப்புக்குத் தேர்வாகியுள்ளது. வாழ்த்துகள். இடம்பெறுவதற்கான பங்களிப்பாக ரூபாய் இரண்டாயிரத்து ஐநூறு அனுப்பி உதவவும்." சிவரஞ்சனி படித்துவிட்டு விழுந்து விழுந்து சிரித்தாள். விஜயபாண்டிக்குச் சிரிப்பு வரவில்லை.

"சரக்கையும் குடுத்துட்டுக் காசையும் நாமளே குடுக்கணுமா? எந்தச் சந்தையில நடக்குது இந்த அநியாயம்?"

"எங்க சந்தையில தினமும் நடக்குது," என்றாள் அவள்.

"உனக்கு எழுதத் தெரியுது, விக்கத் தெரியல. அந்தச் சோலிய எங்கிட்ட விடு."

சிவரஞ்சனி சிரிப்பை நிறுத்தினாள். "நீங்க ஒண்ணும் செய்ய வேணாம். இங்க பாருங்க, சொல்லிர்றேன். மொதலாளி உக்கிரபாண்டி ஒண்ணாந் தேதியிலருந்து ராத்திரி ஒம்போது மணி வரைக்கும் கடையில இருக்கச் சொல்றாரு. சம்பளம் கூடத் தர்றாராம். நான் இன்னும் பதில் சொல்லல. கோயம்புத்தூர்ல 'ஒன்பதாந்திசை'ன்னு ஒரு பத்திரிகை, மாயக்கதைக்குன்னே நடத்துறாக, வார்த்தைக்கு ரெண்டு ரூவா. அங்க ஒரே ஒரு கதை அனுப்பிருக்கேன். எழுதுனதுலயே நல்ல கதை அதுதான். எடுத்துக்கிட்டாகன்னா மொதலாளிகிட்ட முடியாதுன்னு சொல்லிருவேன். எடுக்கலைன்னா ஒம்போது மணி வரைக்கும் மாத்திரை குடுக்கப் போறேன். பதினோரு வருஷம் பாத்தாச்சு, போதும்."

"அப்ப கதை?"

"அஞ்சு மணியும் இல்ல, கதையும் இல்ல. அதனால பதில் வர்ற வரைக்கும் எதையும் தொடாதீக."

"நான் எதுக்குத் தொடப்போறேன்," என்றான் விஜயபாண்டி. அதை மனசாரத்தான் சொன்னான். மறுநாள் காலை டீ குடிக்கும் வரை அந்த மனசு அப்படியே இருந்தது.

டீ குடிக்கும்போது புத்தி வேலை செய்ய ஆரம்பித்தது. ஒரே ஒரு ஆளுக்குச் சரக்கைக் காட்டிவிட்டு அவன் என்ன சொல்லுவானோ என்று வாயைப் பார்த்துக்கொண்டிருப்பது ஒரு வியாபாரமா? ஏல மையத்தில் எப்படி நடக்கிறது? ஒவ்வொரு லாட்டிலிருந்தும் சாம்பிள் எடுத்து எல்லா வியாபாரிகளுக்கும் ஒரே நேரத்தில் காட்டுகிறார்கள். இவன் கேட்கிறானா என்று அவன் பார்க்க, அவன் கேட்கிறானா என்று இவன் பார்க்க, விலை தன்னால் ஏறுகிறது. பாவம், படித்த பிள்ளைக்கு இது தெரியவில்லையே. இதைச் செய்து கொடுக்காவிட்டால் தான் என்ன புருஷன்?

அவள் மெடிக்கலுக்குப் போன பிறகு நோட்டையும் லேப்டாப்பையும் எடுத்துக்கொண்டு அருள்பாண்டியின் ஜெராக்ஸ் கடைக்குப் போனான். அருள்பாண்டி அவனோடு பள்ளிக்கூடத்தில் படித்தவன். ஏலத்துக்கான படிவம் எல்லாம் அவனுக்கு அடித்துக் கொடுக்கிறவனும் அவன்தான்.

"மாப்ளே, எப்பவும் அடிக்கிற மாதிரியே அடி. லாட் நம்பர் ஒண்ணு. சரக்கு, மாயக்கதை. பேரு, பதினெட்டாவது வளைவு. வெளைஞ்ச எடம், போடி."

"எடைன்னு இருக்கே?"

"மூவாயிரத்து எரநூறு வார்த்தை. கீழ அதுவே காட்டுது பாரு."

"ஈரம்னு இருக்கு. அத எடுத்துரவா?"

விஜயபாண்டி யோசித்தான். "ரெண்டு எடத்துல கண்ணு கலங்கும்னு போடு."

"ஒனக்குக் கலங்குச்சா?"

"போடுறா வெரசா."

சாம்பிளாக முதல் பக்கம் மட்டும். அடிப்படை விலை ஐயாயிரம். ஏலம் வெள்ளிக்கிழமை மாலை நாலு மணி, வாட்ஸப் மூலம் கேட்கலாம். அடியில் அவனுடைய விசிட்டிங் கார்டு, பச்சை ஏலக்காய்ப் படத்தோடு. நோட்டில் இருந்த இருபத்து மூன்று முகவரிக்கும் அனுப்ப வேண்டியது. ஒன்று ஒன்றாக அனுப்பிக்கொண்டு வந்த அருள்பாண்டி கடைசியில் நிறுத்தினான்.

"ஒன்பதாந்திசைன்னு இருக்கு. பக்கத்துல ஸ்டார் போட்டுருக்கு. வேறெங்கயும் அனுப்பியிருக்கக் கூடாதுன்னு அடிக்கோடு வேற போட்டுருக்கு மாப்ளே."

"எல்லா வியாபாரியும் அப்படித்தான் சொல்லுவான், எனக்கு மட்டும் காட்டுன்னு. நாம காட்டிருவமா? இன்னும் இருபத்திரெண்டு பேரு கேக்குறான்னு தெரிஞ்சாத்தான் அவுக சுறுசுறுப்பாவாக. அனுப்பு."

அனுப்பினான். இப்படிப்பட்ட புத்தி ஏலக்காய் ஊரில் பிறந்தவனுக்குத்தான் வரும்.

வெள்ளிக்கிழமை நாலு மணிக்கு ஏல மையத்துக்கு எதிரே இருக்கிற டீக்கடையில் போனை மேசை மேல் வைத்துக்கொண்டு உட்கார்ந்தான். மேலே போடிமெட்டுப் பக்கம் மழை இறங்கிக்கொண்டிருந்தது. முதல் பதில் சிவகாசியிலிருந்து வந்தது. "யானை உண்டா?" அடுத்தது ஒரு இணைய இதழ், முந்நூறு ரூபாய், அதையும் சந்தாவில் கழித்துக்கொள்வார்களாம். திருச்சியிலிருந்து ஒரு பெரியவர், இலக்கியத்தை மூட்டை கட்டி ஏலம் போடும் இழிநிலையைப் பற்றி ஒன்பது வரி எழுதியிருந்தார். படிக்கப் படிக்க விஜயபாண்டிக்கே வெட்கமாகப் போய்விட்டது. கடைசி வரியில் அவர், "எட்டு மில்லிமீட்டர் பருமன் ஏலக்காய் கிலோ என்ன விலை? அரைக்கிலோ கூரியரில் அனுப்ப இயலுமா?" என்று கேட்டிருந்தார். இன்னும் மூன்று பத்திரிகைக்காரர்கள் அதையே கேட்டார்கள். கதைக்கு முந்நூறுக்கு மேல் யாரும் ஏறவில்லை, ஏலக்காய் மட்டும் இரண்டரைக் கிலோ விற்றுப்போனது.

அப்போதுதான் நோட்டில் இருந்த இன்னொரு முகவரிக்காரன் சுடலை ஏலத்துக்குள் வந்தான். திருப்பூரில் உட்கார்ந்துகொண்டு யூடியூபில் பேய்க்கதை சொல்லுகிறவன். குரலிலேயே பேசி அனுப்பினான். "அண்ணே, மொதப் பக்கமே மெரட்டுது. ஆறாயிரம். ஆனா ஒரு கண்டிசன், அந்தப் பொம்பள பேயா இருக்கணும். வெள்ளச் சேல."

விஜயபாண்டி தொண்டையைச் செருமிக்கொண்டான். இது அவனுடைய களம். "மேல போயிருச்சு தம்பி," என்றான், அடிப்படை விலையைக்கூட வேறு யாரும் தொடாத ஏலத்தில். சுடலை எட்டாயிரம் என்றான். பன்னிரண்டாயிரம் என்றான். இன்னொருத்தன் விடாமல் கேட்கிறான் என்றதும் ரோஷம் வந்து இருபதாயிரத்துக்குப் போய்விட்டான். நூற்றைம்பது ரூபாய் மணியார்டர் வந்த வீட்டுக்கு இருபதாயிரம். விஜயபாண்டி இன்னொரு டீ சொன்னான், வடையோடு.

வடை வருவதற்குள் போன் அடித்தது. ஒரு பெண் குரல்.

"வணக்கமுங்க. ஒன்பதாந்திசையிலிருந்து பவித்ரா பேசறனுங்க. ஆசிரியர். சிவரஞ்சனி அவங்க கதையைப் பத்தி நீங்க ஒரு அறிவிப்பு அனுப்பியிருந்தீங்க. நீங்க யாருங்க?"

"வீட்டுக்காரருங்க. விக்கிறதெல்லாம் நாந்தான் பாக்குறது."

"அப்படிங்களா. அவங்க போன மாசமே அனுப்பிட்டாங்க. நாங்களும் எடுத்துக்கறதுன்னு முடிவு பண்ணி, கடிதம் எழுத உக்காந்தப்பத்தான் உங்க அறிவிப்பு வந்துச்சு. எங்களுக்கு ஒரு விதி இருக்குதுங்க. வேற இடத்துல பேச்சுல இருக்கற கதையை நாங்க தொடறதில்லை."

தன் ஏலமே காரியத்தைக் கெடுத்துவிட்டது என்று விஜயபாண்டிக்குப் புரிந்தது. ஆனாலும் தொழில்காரன் தடுமாறுவதை வெளியே காட்டமாட்டான். "அதுல என்ன இருக்குங்க. பேசித் தீத்துக்கலாம்."

"சரிங்க. நீங்க கதையைப் படிச்சிருக்கீங்கல்ல?"

"படிக்காமயா?"

"அப்ப உங்ககிட்டயே கேக்கறேன். எங்க குழுவுல ஒருத்தருக்கு அந்த முடிவு புடிக்கலை. டிரைவர் அந்த வளைவைக் கண்டுபுடிச்சு அவளைக் கூட்டிட்டு வந்துட்டா நல்லாருக்கும்ங்கறார். நீங்க என்ன நினைக்கறீங்க?"

எந்த டிரைவர், யாரைக் கூட்டிக்கொண்டு வர வேண்டும், எதுவும் அவனுக்குத் தெரியாது. ஆனால் வாங்குகிறவர் ஒன்று கேட்டால் கொஞ்சம் இறங்கிக் கொடுக்க வேண்டும் என்பது தெரியும். "தாராளமா மாத்திக்கலாங்க. கூட்டிட்டு வந்தா நல்லதுதானே. முடிவுதானே, அதுல என்ன இருக்கு."

"எழுதினவங்களைக் கேட்டுட்டுச் சொல்லுங்க. இன்னிக்கு ஆறரை வரைக்கும் ஆபீசுல இருப்பேன்," என்று பவித்ரா வைத்துவிட்டாள்.

வடை வந்தது. விஜயபாண்டி அதைத் தொடவில்லை. மோந்து பார்க்காத மூட்டைக்கு விலை பேசியிருக்கிறோம் என்பது அப்போதுதான் அவனுக்கு உறைத்தது. அதுவும் வீட்டு மூட்டை. அருள்பாண்டி போனில் அனுப்பி வைத்திருந்த முழுக்கதையையும் திறந்து, முதல் பக்கத்தைத் தள்ளிவிட்டு, இரண்டாம் பக்கத்திலிருந்து படிக்க ஆரம்பித்தான்.

போடிமெட்டு ரோட்டில் ஏறும்போது பதினேழு கொண்டை ஊசி வளைவு. முத்துப்பேச்சி என்கிற எஸ்டேட் கூலிக்காரிக்கு மட்டும் இறங்கும்போது பதினெட்டு வருகிறது. காய் பறித்த அசதியில் ஜீப்பில் மற்றவர்களெல்லாம் தூங்கி வழிகிறார்கள். ஜீப்பு ஓட்டுகிறவன் அவள் புருஷன். அவனிடம் சொல்லுகிறாள். "ஒண்ணு கூட இருந்தா இருந்துட்டுப் போகுது. அதுல என்ன இருக்கு," என்கிறான் அவன். வண்டிச் சாவியால் காதைக் குடைந்துகொண்டே சொல்லுகிறான்.

விஜயபாண்டி தன் கையைப் பார்த்தான். பைக் சாவி காதில் இருந்தது. எடுத்து மேசை மேல் வைத்தான். சிரித்தான். டீக்கடைக்காரர் என்ன என்று கேட்டார், ஒன்றுமில்லை என்றான்.

ஒரு நாள் முத்துப்பேச்சி அந்தப் பதினெட்டாவது வளைவில் ஜீப்பைத் தட்டி நிறுத்தி இறங்குகிறாள். அங்கே ஒரு டீக்கடை. கடைக்காரன் ஒரு கிளாஸ் டீயை வைத்துவிட்டு எதிரே உட்கார்ந்து கேட்கிறான். அவள் பேசுகிறாள். அன்றைக்குக் கண்ட கனவு, காலில் ஏறிய அட்டை, பள்ளத்திலிருந்து மேகம் ஏறி வந்தது எல்லாவற்றையும் சொல்லுகிறாள். அவன் ஒரு தடவைகூடக் குறுக்கே பேசுவதில்லை. சொல்லி முடித்துத் திரும்பினால் டீ ஆறாமல் இருக்கிறது, ஜீப்பும் அதே இடத்தில் நிற்கிறது. தினமும் இப்படி. ஒரு நாள் அவள் திரும்பி ஏறவில்லை.

கீழே வந்து டிரைவர் ஆட்களை எண்ணுகிறான். கணக்கு சரியாக இருக்கிறது, ஏனென்றால் அவன் வாங்கிய டிக்கெட் காசை வைத்துத்தான் எண்ணுவான். பெண்டாட்டிக்கு ஏது டிக்கெட்? வீட்டுக்குப் போய்ப் பானையில் இருப்பதைச் சாப்பிட்டுவிட்டுப் படுத்துக்கொள்ளுகிறான். மூன்றாம் நாள் பானை காலியானதும்தான் ஏதோ குறைகிறதே என்று தோன்றுகிறது. ஜீப்பை எடுத்துக்கொண்டு மலையேறுகிறான். ஏறும்போது எண்ணுகிறான், பதினேழு. இறங்கும்போது எண்ணுகிறான், பதினேழு. முன்னால் எத்தனை இருந்தது என்று அவனுக்குத் தெரியவில்லை. யாரோ ஒரு தடவை சொன்ன மாதிரி ஞாபகம்.

அவ்வளவுதான் கதை. விஜயபாண்டி அதற்குக் கீழே இன்னும் ஏதாவது இருக்கிறதா என்று விரலால் தள்ளித் தள்ளிப் பார்த்தான். இல்லை. ரெண்டு இடத்தில் கண் கலங்கும் என்று போடச் சொன்னது பொய்க்கணக்கு. கடைசியில் ஒரே இடத்தில்தான், ஆனால் அது நிற்கவில்லை. பட்டப்பகலில் டீக்கடையில் உட்கார்ந்து நாற்பத்து மூன்று வயது ஆம்பளை மூக்கை உறிஞ்சினால் ஊர் என்ன நினைக்கும்? காசை வைத்துவிட்டு வண்டியை எடுத்தான்.

சிவரஞ்சனி சாப்பாட்டு மேசையில் இருந்தாள். மணி ஐந்தரை. அவளுடைய நேரத்தில் குறுக்கே போகக் கூடாது என்று தெரிந்தும் எதிரே நாற்காலியை இழுத்துப் போட்டு உட்கார்ந்து, மறைக்காமல் எல்லாவற்றையும் சொன்னான். லாட் நம்பர், சாம்பிள், இருபத்து மூன்று முகவரி, சுடலை, கோயம்புத்தூர் போன். சொல்லச் சொல்ல அவள் முகம் வெளுத்துக்கொண்டே வந்தது.

"ஒன்பதாந்திசைக்குமா அனுப்புனீக?"

"ஆமா."

"எடுத்துக்கிட்டோம்னு எழுத உக்காந்தாகளாமா?"

"ஆமா புள்ள."

அவள் கத்தவில்லை. கத்தியிருந்தால் அவனுக்குச் சுலபமாக இருந்திருக்கும். கையை நீட்டிப் போனை வாங்கி வந்திருந்த பதில்களை ஒன்றொன்றாகப் படித்தாள். திருச்சிப் பெரியவரின் கடைசி வரி வந்ததும் அவளையறியாமல் ஒரு சிரிப்பு வெடித்தது. அதே வேகத்தில் கண்ணீரும் வந்துவிட்டது, முந்தானையால் துடைத்துக்கொண்டாள்.

"அந்தம்மா கதையப் பத்தி ஏதாச்சும் கேட்டாகளா?"

இதை அவள் கேட்டுவிடக் கூடாதே என்றுதான் அவன் பயந்துகொண்டிருந்தான். "முடிவ மாத்தலாமான்னு கேட்டாக. டிரைவர் போய்க் கூட்டிட்டு வர்ற மாதிரி."

"நீங்க என்ன சொன்னீக?"

"மாத்திக்கலாம்னேன்."

"யாரக் கேட்டு?"

"அப்ப நான் படிச்சிருக்கல."

"இப்ப?"

"படிச்சேன். பூராவும்."

அவள் போனைக் கீழே வைத்துவிட்டு அவனையே பார்த்தாள். பதினாறு வருஷக் குடும்பத்தில் அவன் பூராவும் படித்த முதல் கதை எதுவென்று இருவருக்கும் தெரிந்தது.

"வெலை புடிக்கலைன்னா விவசாயி சரக்கத் திரும்ப எடுத்துக்கலாம்," என்றான் விஜயபாண்டி. "அதுக்கு ஏலத்துல எடமிருக்கு. இரு." அங்கேயே, அவள் கண் முன்னாலேயே, இருபத்திரண்டு பேருக்கும் ஒவ்வொருத்தராக எழுதினான்: லாட் வாபஸ், விற்பனைக்கு இல்லை, மன்னிக்கவும். ஏலக்காய் கேட்டவர்களுக்கு மட்டும், ஏலக்காய் உண்டு என்று ஒரு வரி சேர்த்துக்கொண்டான். எவ்வளவு மனம் நொந்திருந்தாலும் தொழில் தொழில்தானே.

சுடலை சும்மா விடவில்லை, உடனே கூப்பிட்டான். "அண்ணே, என்னண்ணே இது? இருபத்தஞ்சு. இப்பவே ஜிபே பண்றேன்."

விஜயபாண்டி போனைப் பிடித்துக்கொண்டு மனைவியைப் பார்த்தான். இருபத்தைந்தாயிரம். ஒன்பதாந்திசையில் எடுத்தாலும் ஆறாயிரத்து நானூறுதான், எடுப்பார்களா என்பதே சந்தேகம். வாழ்நாளில் அவன் ஒரு விலையைப் பார்த்து இப்படி வேர்த்ததில்லை. அவன் என்ன செய்யப் போகிறான் என்று சிவரஞ்சனி பார்த்துக்கொண்டிருந்தாள்.

"அவ பேய் இல்ல தம்பி," என்றான் அவன். "அவளுக்கு வெள்ளச் சேல கட்ட முடியாது. வச்சிர்றேன்."

மணி ஆறே கால். கோயம்புத்தூருக்கு அடித்தான். ஸ்பீக்கரில் போட்டு மேசை நடுவில் வைத்தான்.

"அம்மா, விஜயபாண்டி பேசுறேன். ஏலத்த நிப்பாட்டிட்டேன். எல்லாருக்கும் எழுதிட்டேன், அது அத்தனையும் உங்களுக்கு அனுப்புறேன். இதுல என் வீட்டுக்காரிக்கு எந்தச் சம்பந்தமும் இல்ல, தொடாதன்னுதான் சொன்னா. தப்பு என்னோடது. இன்னொண்ணு. படிச்சிருக்கேன்னு உங்ககிட்ட சொன்னது பொய். அதுக்கப்புறந்தான் படிச்சேன்."

"சொல்லுங்க," என்றாள் பவித்ரா.

"அந்த முடிவ மாத்தக் கூடாதும்மா. அவன் கண்டுபிடிக்கக் கூடாது. கண்டுபிடிச்சுட்டான்னா ஜீப்பு ஓட்டுற ஒவ்வொருத்தனும் சரி, நாமளும் போய்க் கூட்டிட்டு வந்துக்கலாம்னு நெனச்சுக்கிட்டு நிம்மதியாத் தூங்கிருவான்."

மறுமுனையில் சிரிப்புச் சத்தம். "எங்க குழுவுல ஒருத்தருக்குப் புடிக்கலைன்னு சொன்னேனில்லீங்க, அது யாருன்னு நினைக்கறீங்க? எங்க வீட்டுக்காரர் பிரபாகரன்தான். கதையைப் படிச்சதுலருந்து மூணு நாளா, அவளைக் கூட்டிட்டு வந்துரச் சொல்லு, கூட்டிட்டு வந்துரச் சொல்லுன்னு என் உயிரை எடுக்கறார்." பிறகு குரல் ஆசிரியர் குரலாக மாறியது. "ஒரு பக்கம்தான் வெளிய போயிருக்கு, அச்சாகலை. நீங்க அனுப்பின கடிதங்களையும், வேற எங்கயும் பேச்சில் இல்லைன்னு அவங்க கைப்பட ஒரு கடிதத்தையும் அனுப்பிருங்க. தை இதழ்ல போடறோம், முடிவு இருக்கற மாதிரியே. சிவரஞ்சனி, கேக்கறீங்களா? அடுத்த கதையை நேரா எனக்கு அனுப்புங்க. தரகர் வேண்டாமுங்க."

"அனுப்புறேன் மேடம்," என்றாள் சிவரஞ்சனி. போனை வைத்ததும் மெடிக்கல் முதலாளியைக் கூப்பிட்டு, ஒன்றாந் தேதியிலிருந்தும் நாலு மணிக்கே கிளம்பிவிடுவேன் என்று இரண்டே வரியில் சொல்லி முடித்தாள். பதினோரு வருஷமாகத் தயார் பண்ணி வைத்திருந்த மாதிரி இருந்தது அந்த இரண்டு வரி.

விஜயபாண்டிக்கு உயிர் திரும்பி வந்தது. வந்த உயிர் சும்மா இருக்குமா? ஒரு மணி நேரமாக நெஞ்சில் குத்திக்கொண்டிருந்ததைக் கேட்டுவிட்டான்.

"அந்த டிரைவர் நாந்தானே?"

"இல்லையே," என்றாள் அவள். "டிரைவர யாரையும் நெனச்சு எழுதல. எல்லா ஜீப்புலயும் அப்படி ஒருத்தர் இருக்காரு."

"சாவியால காதக் குடையிறான்?"

"எல்லாரும் குடையிறாக."

அப்பாடா என்று அவன் சாய்ந்து உட்கார்ந்தான். அவள் லேப்டாப்பைத் தன் பக்கம் இழுத்துக்கொண்டே, மாத்திரை விலை சொல்லுகிற அதே குரலில் சொன்னாள்.

"அந்த டீக்கடைக்காரரத்தான் உங்கள நெனச்சு எழுத ஆரம்பிச்சேன். ரெண்டு பக்கம் எழுதிப் பாத்தேன். ஒட்டவே இல்ல. அப்புறம் வேற மூஞ்சி வச்சுட்டேன்."

திட்டியிருக்கலாம், ஒரு வாரம் பேசாமல் இருந்திருக்கலாம். அவன் தாங்கியிருப்பான். இதை அவன் எதிர்பார்க்கவே இல்லை. தான் இருக்க வேண்டிய இடத்தில் அவள் தன்னை உட்கார வைத்துப் பார்த்திருக்கிறாள், பொருந்தவில்லை என்று எடுத்துவிட்டாள் என்பது அவனுக்குள் மெல்ல மெல்ல இறங்கியது. வாயில் வந்த சமாதானம் எதுவும் அவனுக்கே பிடிக்கவில்லை.

"அந்த ரெண்டு பக்கத்தக் கிழிச்சுட்டியா?" என்றான் கடைசியில்.

"இருக்கு. எதுக்கு?"

"கொண்டா. படிக்கணும்."

அவன் விளையாடுகிறானா என்று சிவரஞ்சனி முகத்தைப் பார்த்தாள். பிறகு எழுந்துபோய், பீரோவிலிருந்து ஒரு பழைய நோட்டை எடுத்து, பக்கத்தைப் பிரித்து அவன் முன்னால் வைத்தாள். இரண்டே பக்கம்தான். அதைப் படித்து முடிக்க அவனுக்கு அரைமணி நேரம் ஆயிற்று.